கூட வரும் தோழரின் கதியும் நம் முடிவும் ஏன் மோதுகின்றன?
ரோல்பிளேயிங் கேமில் (நாமே ஒரு பாத்திரமாக ஆடும் கேம்) நாம் எடுக்கும் ஒரு முடிவுக்காக, நம் குழுவில் வரும் கதாபாத்திரமான தோழர் ஏன் விலக வேண்டும், சாக வேண்டும் என்பது கேள்வி. அவருக்கென்று ஒரு கொள்கையை எழுதிவிட்டால், நாம் அதை மீறும்போது அவர் சும்மா இருக்க முடியாது. பால்டர்ஸ் கேட் 3-இல் (2023) கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களோடு சேர்ந்து, அகதிகள் தங்கியிருக்கும் தோப்பைத் தாக்கினால் கார்லாக், வில் என்ற இரு தோழர்களும் போய்விடுவார்கள். நியாயம்தான்.

சிக்கல் அடுத்தடுத்த பாகங்களில்தான். மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி கேம் வரிசையின் இரண்டாம் பாகத்தில், கடைசிப் பணியில் குழுவில் யார் வேண்டுமானாலும் சாகலாம். அதனால் மூன்றாம் பாகத்தில் மாற்று ஏற்பாடு இல்லாமல் அவர்களை நம்பிக் கதையை நகர்த்த முடியவில்லை. விஞ்ஞானி மோர்டின் இறந்திருந்தால் அவர் வேலையைப் பாடோக் விக்ஸ் என்ற புதியவர் செய்வார். சரி, சமாளித்துவிட்டார்கள். ஆனால் பிழைத்த பலருக்குச் சிறு பங்குதான். சாவைவிட அதுதான் எனக்கு மோசமாகப் படுகிறது.