கூடப் போகிறவள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை நாலைந்து வருடமாகப் படித்துவருகிறேன். எனக்கு 28 வயது, பலதுறை மருந்தகத்தில் தாதி. கணவர் கணினித் துறையில் இருக்கிறார். கல்யாணமாகி இரண்டரை வருடம். வருகிற ஜனவரியில் இருவரும் மிஷனரிகளாக வட தாய்லாந்துக்குப் போகிறோம். முதல் வருடம் சியாங் மாயில் மொழிப் பள்ளி. அப்புறம் ஒரு மலைக் கிராமம்.

இவருக்கு 16 வயதில் ஒரு முகாமில் ஊழியத்துக்குத் தேவனுடைய அழைப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். நானும் சம்மதித்துத்தான் கட்டிக்கொண்டேன். ஆனால் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, கனவும் வரவில்லை. அனுப்பும் அமைப்பின் நேர்காணலில் இவருடைய அழைப்பைப் பற்றி 40 நிமிடம் கேட்டார்கள். என்னிடம் ஒரே கேள்வி: "நீங்க தயாரா, சிஸ்டர்?" தயார் என்றேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

சபையில் மூத்த அக்கா ஒருவரிடம் சொன்னேன். "சாராள் ஆபிரகாமிடம் கேள்வி கேட்டாளா?" என்றார். அம்மா, "தேக்காவிலேயே ஊழியம் பண்ண ஆளில்லை, தாய்லாந்துக்கு எதுக்கு?" என்று அழுகிறார். வீட்டுச் சாவி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஐந்து வருடம் முடியாமல் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. எனக்கு எழுத வரும் என்பதால், சபைக்கும் ஆதரவாளர்களுக்கும் அனுப்பும் ஜெபக் கடிதம் எழுதும் பொறுப்பை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சபையோடு சம்பந்தமில்லை என்று தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அழைப்பு இல்லாமல் நான் போகலாமா?

பெயர் வேண்டாம்,
பொங்கோல், சிங்கப்பூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஆபிரகாமின் மனைவி சாராளை முடித்துவிடுகிறேன். நான் சைவ வீட்டுப் பிள்ளை, ஆனால் படித்தது திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில். வேதபாட வகுப்பில் தூங்காத இரண்டு மூன்று பையன்களில் நானும் ஒருவன். கூடார வாசலில் நின்று ஒட்டுக்கேட்டு, இந்த வயதில் எனக்குப் பிள்ளையா என்று உள்ளுக்குள் சிரித்தவள் சாராள். ஏன் சிரித்தாய் என்று கேட்டால் சிரிக்கவே இல்லை என்று சாதித்தவள். வேதாகமத்தில் ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தை அந்த அக்காவோடு சேர்ந்து ஒரு தடவை வாசியுங்கள்.

வீட்டு விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீங்கள் குடியிருக்காத காலம் அந்த ஐந்து வருடக் கணக்கில் சேராது. சபையில் விவரம் தெரிந்த அண்ணன்மார் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதை நம்பாமல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கே (வீவக) எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அழைப்பு. சத்தம் கேட்டவர்கள்தான் போகவேண்டும் என்றால் எந்தக் கப்பலும் பாதிகூட நிரம்பியிருக்காது. அழைப்பு இல்லாமல் போகலாமா என்று கேட்டால், என் பதில் தாராளமாகப் போகலாம் என்பதுதான். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அங்கே உங்கள் வேலை என்ன என்று ஒரு வரிகூட இல்லை. தாதி வேலை செய்ய அந்த நாட்டில் பதிவு வேண்டும். அதைப் பற்றி யாராவது பேசினார்களா? கடிதம் எழுதுவது தவிர உங்களுக்கென்று ஒன்றும் ஒதுக்கவில்லையே. இது எனக்குப் பழக்கமான கதை.

வில்லியம் கேரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர், பாப்டிஸ்ட் போதகராகி, வங்காளத்துக்கு வந்து வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். அவர் மனைவி டாரத்தியைப் பற்றி எந்த முகாமிலாவது சொன்னார்களா? இந்தியாவுக்குப் போகிறோம் என்று கேரி சொன்னபோது அந்த அம்மாள் வயிற்றில் பிள்ளை, இடுப்பைச் சுற்றி மூன்று பையன்கள். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் சிலுவைக் குறி போட்டவர். வரமாட்டேன் என்று தெளிவாகவே சொன்னார். கேரி மூத்த பையனை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லை என்று வழியிலேயே இறக்கிவிட்டார்கள். அந்தத் தாமதத்தில் கேரி வீட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி வற்புறுத்தினார். பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கை கிட்டியும் கூட வந்தால் வருகிறேன் என்றார் டாரத்தி. அது 1793ஆம் வருடம். ஒரு நாள் அவகாசத்தில் எடுத்த முடிவு.

மறு வருடமே ஐந்து வயதுப் பையன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். தங்கையும் அங்கிருந்த ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பிரிந்துபோனாள். டாரத்தியின் மனம் கலங்கிவிட்டது. 1807இல் சாகும்வரை தெளியவில்லை. பூட்டிய அறைக்குள் அவர் கத்திக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கேரியை நான் ராட்சசன் என்று சொல்ல வரவில்லை. மனைவியை மனநோய் விடுதிக்கு அனுப்பச் சொன்னவர்களுக்கு இணங்காமல் கூடவே வைத்துக்கொண்டவர். ஆனால் டாரத்தி சொன்ன முதல் "மாட்டேன்" யார் காதிலும் ஏறவில்லை. நீங்கள் ராத்திரி தூங்காமல் படுத்திருந்ததை உங்கள் கணவரிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. 1994இல் எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது மனைவியிடம் சொன்னேன், கேட்கவில்லை. ஊரில் அவள் கணக்கு டீச்சர். இங்கே அவள் கைக்கு வந்தது டிபெண்டன்ட் பாஸ். நீ சார்ந்திருப்பவள் என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த அட்டை. ஆங் மோ கியோவில் ஒரு வாடகை அறை. நான் காலையில் போனால் ராத்திரி வருவேன். அவள் என்ன செய்கிறாள் என்று கேட்கவும் தோன்றவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரச்சந்தைக்குக் கூடப் போனேன். மீன் கடையில் வயதான சீனர். இவள் தெங்கிரி மீனைப் புரட்டிப் பார்த்து "மஹால், அங்கிள், மஹால்" (மலாயில் ‘விலை அதிகம்’) என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அவர் பின்னாலிருந்து ஏதோ சொல்ல, இவளும் மலாயில் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்க, சிரித்துக்கொண்டே ஒரு மீன் தலையைச் சேர்த்துப் பையில் போட்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். இத்தனைக்கும் வெளிநாட்டு வேலைக்காரன் நான்தான்.

இதை எழுதும்போது அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்குப் போன ஆன் ஜட்சன் நினைவுக்கு வருகிறார். 1812 பிப்ரவரி 5இல் கல்யாணம், 19இல் கப்பல். மறு வருடம் ரங்கூன். கணவர் அடோனிராம் பண்டிதரோடு உட்கார்ந்து பர்மிய இலக்கணம் படித்தார். ஆனுக்கு வீட்டு வேலை, சந்தை, வேலைக்காரர்கள். கொஞ்ச நாளில் பேச்சு ஆனுக்குத்தான் நன்றாக வந்தது. இலக்கணம் அவருக்கு, பேச்சு எனக்கு என்கிற மாதிரி ஊருக்குக் கடிதமும் எழுதினார். அடோனிராமுக்கு முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற 1819 வரை, ஆறு வருடம் ஆனது. உங்களுக்கு முக்கியமான செய்தி இதற்கப்புறம் வருகிறது. ரங்கூனில் சயாம்காரர்கள் பலர் இருந்தார்கள். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். ஆன் அவர்களோடு பேசிப் பழகி சயாம் மொழியையும் கற்று, மத்தேயு சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார். தாய்லாந்தில் கால் வைக்காமலே செய்த வேலை. உங்கள் கணவர் சுமக்கப்போகிற தாய்லாந்து வேதாகமத்துக்குப் பிள்ளையார்சுழி போட்டவர் ஒரு மிஷனரியின் மனைவி. (பிள்ளையார்சுழியை மன்னியுங்கள், பழக்க தோஷம்.) கனவு போல இருந்த வாழ்க்கையும் இல்லை அது. பிள்ளைகளைப் பறிகொடுத்தார், 36 வயதில் தானும் போனார்.

ஆகவே மொழிப் பள்ளியில் உங்களுக்கும் அவருக்கும் சரிசமமாக மணி நேரம் வேண்டும். ‘தாய் மொழி’ என்று இடைவெளி விட்டு எழுதினால் ஒரு அர்த்தம், சேர்த்து எழுதினால் இன்னொன்று. அங்கே நிலைமை அதைவிட மோசம். ஐந்து தொனிகள். ‘க்லை’ என்பதைச் சமமாக இழுத்தால் தூரம், மேலிருந்து இறக்கிச் சொன்னால் பக்கம். வழி கேட்டவரை ஒரு தொனியில் மலை ஏற்றிவிடலாம். வாரத்துக்கு இரண்டு நாள், சமையல் முடிந்த நேரத்தில் கற்கிற மொழி இல்லை அது. நாளைக்குக் குழந்தை பிறந்தால் வகுப்பிலிருந்து முதலில் நிற்பது யார் என்பதை இப்போதே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் அது நீங்களாகத்தான் இருக்கும்.

எங்கள் ஆச்சி ஊர் திசையன்விளைக்குப் பக்கம், இடையன்குடி கொஞ்ச தூரம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் ரேந்தை (லேஸ்) பின்னுவார். மடியில் உருண்டைத் திண்டு, அதன்மேல் ஒரு காகிதம், காகிதம் முழுக்கக் குண்டூசி. நூல் சுற்றிய மரக்குச்சிகள் இரண்டு பக்கமும் தொங்கும். அவர் பேசிக்கொண்டே இருப்பார், விரல் குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும், திண்ணை முழுக்க டக்டக்கென்று சத்தம். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் "எங்க அம்மா" என்பார். அம்மாவுக்கு? "அவ அம்மா." அப்படியே பின்னால் போனால் எலைசா என்ற பெண்மணியில் போய் நிற்கும். கால்டுவெல்லின் மனைவி. நாகர்கோவில் மிஷனரி வீட்டில் பிறந்து, தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844இல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து ரேந்தையும் சொல்லிக்கொடுத்தார். கணவரின் ஒப்பிலக்கணத்தை நாங்கள் எல்லாரும் மேடையில் புகழ்கிறோம். அந்த ஊர்ப் பெண்கள் கையில் நாலு காசு புரண்டது எலைசாவால்.

கால்டுவெல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஜெபக் கடிதம் எழுதப்போகிறவர் என்பதால். 1849இல் அவர் தன்னைச் சுற்றியிருந்த மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இங்கிலாந்தில் இருப்பவர்கள் படித்து மிஷனுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம். அந்த மக்களை நாகரிகம் இல்லாதவர்கள் என்கிற தோரணையில் எழுதியிருந்தார். அவர்கள் படிக்கப்போகிறார்களா என்ன என்று நினைத்திருப்பார். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற அடுத்த தலைமுறை அதைப் படித்தது. கொதித்துப் போனார்கள். எதிர்த்து நூல் எழுதினார்கள், மனுப் போட்டார்கள். அந்தக் காயத்தின் வடு எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு.

அவருக்கு முப்பது வருட அவகாசமாவது இருந்தது. உங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. நீங்கள் பொங்கோலுக்கு அனுப்புகிற கடிதத்தை அந்த மலைக் கிராமத்துப் பையன் கைப்பேசியில் கூகுளில் போட்டுத் தன் மொழியில் வாசித்துவிடுவான். ‘இருளில் கிடக்கும் ஜனங்கள்’ என்று எழுதி, கீழே அவன் பாட்டியின் படத்தைப் போட்டிருந்தால் என்ன நினைப்பான்? உங்கள் நம்பிக்கை உங்களுக்கு. அவர்கள் எதைக் கும்பிட வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாது, அதை இன்னொரு நாள் சண்டை போடலாம். ஆனால் எழுதி முடித்ததும் அந்தப் பாட்டிக்கே வாசித்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாத வரியை அடித்துவிடுங்கள். காசு கொடுத்துத் தாங்குகிறவர்கள் குறைந்தால் குறையட்டும்.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஊரே ஒரு காலத்தில் இன்னொருவரின் தாய்லாந்துதான் என்று அவருக்குச் சொல்லுங்கள். 1887இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர், ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் 9 இந்தியச் சிறுமிகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றுதான் அதற்குப் பெயர். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அங்கிருந்து வளர்ந்தது. அந்த அம்மையாரின் தாயாரும் ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். இதைச் சொன்னாலும் அம்மா அழுகையை நிறுத்தமாட்டார். சியாங் மாய் விமானத்தில் மூன்று மணி நேரம்தான். நீங்கள் குடியேறுவதற்கு முன்பே ஒரு வாரம் அவரைக் கூட்டிப்போய்ச் சந்தையைச் சுற்றிக் காட்டுங்கள். கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று உங்களுக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஜனவரிக்குள் அந்தக் குழுவை இன்னொரு முறையாவது சந்திப்பீர்கள் அல்லவா? இந்தத் தடவை கேள்வியை நீங்கள் கொண்டுபோங்கள். மொழிப் பள்ளியில் எனக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? தாதிப் பதிவுக்கு யார் உதவுவார்கள்? இரண்டாவது வருடம் என் வேலை என்ன? கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.