வைரஸ் இல்லைங்க, பேட்டரி!

வீட்டில் எது நடந்தாலும் கண்திருஷ்டி. கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் வைரஸ். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கும்பகோணத்தில் பத்தொன்பது வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நிஜமான வைரஸைப் பார்த்த நாட்களைவிட, பிளக் சரியாகச் சொருகாததைப் பார்த்த நாட்கள் அதிகம்.

கேள்வி: மின் கட்டணம் கட்டப் போனாலும் மெயில் திறந்தாலும் 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்றே வருகிறது. கடையில் கொடுத்தேன். வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் செய்து 800 ரூபாய் வாங்கினார்கள். நன்றாகத்தான் ஓடியது. நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து போட்டால் மறுபடி அதே கதை. எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப்.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: 'ஊருக்குப் போய்விட்டு வந்து' என்று எழுதினீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. திரையின் வலது பக்கம் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். என்றைக்கோ போன ஒரு வருடத்தின் ஜனவரி 1 என்று காட்டும்.

ஒவ்வொரு தளமும் உங்கள் பிரவுசரிடம் ஒரு சான்றிதழை நீட்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும், பஸ் பாஸ் மாதிரி. உங்கள் கம்ப்யூட்டர் 2017-இல் உட்கார்ந்திருந்தால், இந்த வருடத்துப் பாஸ் அதன் கணக்கில் இன்னும் அச்சடிக்கவே இல்லை. ஏற்றுக்கொள்ளுமா? குரோம் சில சமயம் 'யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்' என்று நேராகவே சொல்லும். அதை யாரும் படிப்பதில்லை, குறுக்குக் குறியைத் தேடுகிறார்கள்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய சர்க்யூட் பலகையான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் வெள்ளியாக ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சி.ஆர். 2032, மூன்று வோல்ட். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை உள்ளே ஓடும் கடிகாரத்துக்கு கரண்ட் அங்கிருந்தே போய்விடும். சுவிட்சை அணைத்துவிட்டால் இந்தப் பேட்டரிதான் அதைச் சுமக்க வேண்டும். உங்களுடையது எட்டு வருடம் சுமந்துவிட்டது. ஃபார்மட் செய்த கடையில் தேதியையும் திருத்தியிருப்பார்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்திருப்பீர்கள். அந்த 800 ரூபாயைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது, தொழில் தர்மம்.

பேட்டரி வாங்குமுன் ஒரு சோதனை: தேதியைக் கையால் சரிசெய்து அதே தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் சந்தேகமே இல்லை. பேட்டரி விலை இரண்டு டீ, இரண்டு வடைக்குள் முடிந்துவிடும். ஷட் டவுன் செய்து, பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கரண்ட் வடியட்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஏதாவது இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டு, பேட்டரியைப் பிடித்திருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளினால் அதுவே எகிறி வரும். பழையது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே மாதிரி புதியதை வையுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது கறுப்புத் திரை வந்து எஃப் 1 அழுத்தச் சொல்லலாம், பயப்படாதீர்கள். விண்டோஸ் வந்ததும் டைம் ஜோனையும் பாருங்கள். ஐந்தரை மணி கூட்டிய வரியில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று இருக்கும். நம்ம ஊர்தான் முதலில்.

கேள்வி: பேரன் விடுமுறைக்கு வந்து போனதிலிருந்து லேப்டாப் பாஸ்வேர்டை ஏற்க மாட்டேன் என்கிறது. பையன் மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறான்.
– ஒரு தாத்தா, கரூர்

பதில்: பையன் சொல்வது உண்மை. சின்ன லேப்டாப்களில் ஜே, கே, எல் எழுத்துகளின் ஓரத்தில் 1, 2, 3 என்று பொடியாக அச்சிட்டிருக்கும். நம்பர் லாக் என்ற பட்டன் தவறுதலாக அழுந்தியிருந்தால் எழுத்துக்குப் பதில் அந்த எண்தான் போகும். பாஸ்வேர்டு கட்டத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு பாருங்கள், திருட்டு தெரிந்துவிடும்.

கேள்வி: தினமும் ஷட் டவுன் செய்கிறேன். ஆனாலும் வரவர ஆமை வேகம். ரீஸ்டார்ட் செய் என்கிறான் மருமகன். இரண்டும் ஒன்றுதானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டுக்கோட்டை

பதில்: மருமகன் ஜெயித்துவிட்டார் சார். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று வந்தது. அது இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள்பகுதியை முழுதாகக் கலைக்காமல் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க இது ஒரு குறுக்குவழி. படுக்கையைச் சுருட்டாமலே தூங்கி எழுவது மாதிரி. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் கலைந்து புதிதாகத் தொடங்கும்.

போன மாதம் ஒரு அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை, "ராத்திரி ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் வீட்டுக்குப் போறேன்" என்று என்னிடம் சண்டைக்கே வந்தார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ், சிபியு. கீழே 'அப் டைம்', அதாவது முழுதாகக் கலையாமல் ஓடிய காலம், என்ற இடத்தில் 41 நாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாரம் ஒரு ரீஸ்டார்ட் போதும்.

கேள்வி: அப்பா 2004-இல் டைப் செய்து வைத்த குடும்ப வரலாறு, 60 பக்கம். புது லேப்டாப்பில் திறந்தால் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்தாக வருகிறது. மறுபடி டைப் செய்யத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஒரு எழுத்துகூட டைப் செய்ய வேண்டாம். வேர்டில் அந்த உளறலின் நடுவே கர்சரை வைத்து, மேலே ஃபான்ட் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். அந்த ஃபான்ட் உங்கள் லேப்டாப்பில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். பாமினி என்றிருக்கும் என்பது என் ஊகம். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த ஐந்தின் மேல் தமிழ் எழுத்தை வரைந்து காட்டியது ஃபான்ட். வேஷம் கலைந்ததும் ஆங்கிலம் பல்லைக் காட்டுகிறது.

அச்செடுத்தால் போதும் என்றால் அந்த ஃபான்டை மட்டும் நிறுவுங்கள். மெயிலில் அனுப்பவும் போனில் படிக்கவும் வேண்டுமென்றால் எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும், என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி மாற்றிகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நடுவில் அப்பா எழுதிய ஆங்கிலப் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், அவை தமிழில் உளறும். மூல ஃபைலை வேறொரு பெயரில் நகல் எடுத்துவிட்டே தொடங்குங்கள்.

கேள்வி: 32 ஜிபி பென் டிரைவ் காலி. 5 ஜிபி கல்யாண வீடியோ ஏற மறுக்கிறது. ஃபைல் பெரியதாம்.
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் இருக்கிறது, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறை அது. அதில் தனி ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்டக் கூடாது, இடம் எவ்வளவு இருந்தாலும். உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால் வெளியே எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஆனால் பழைய டிவியில் சொருகிப் பார்க்கத்தான் இத்தனையும் என்றால், பல பழைய டிவிகளுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. ஸ்டுடியோக்காரரிடமே வெட்டித் தரச் சொல்லுங்கள்: முகூர்த்தம் ஒரு ஃபைல், ரிசப்ஷன் ஒரு ஃபைல்.