விளாதிமிர் உலகை ஆள்பவனா?

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். நானும் கணவரும் ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்தே வளர்ந்தவர்கள். பெண் பிறந்தால் நிகிதா, மிஷா, ஸ்வெத்லானா இவற்றில் ஒன்று, ஆண் என்றால் விளாதிமிர் அல்லது இகோர் என்று பேசி வைத்திருக்கிறோம். "அர்த்தம் தெரியாம பேர் வைக்காதீங்க" என்கிறார் மாமியார். இணையத்தில் தேடினால் விளாதிமிருக்கு ஒரு தளம் ‘உலகை ஆள்பவன்’ என்கிறது, இன்னொன்று ‘அமைதியின் தலைவன்’ என்கிறது, மூன்றாவது ‘ஆட்சியில் புகழ்பெற்றவன்’ என்கிறது. எதை நம்புவது? தமிழில் எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். பெண் குழந்தைக்கு என்று நீங்கள் எடுத்து வைத்திருக்கும் மூன்றில் இரண்டு, ரஷ்யாவில் ஆண்கள் பெயர்.

சோவியத் தலைவராக இருந்த நிகிதா குருஷ்சேவை நினைத்துக்கொள்ளுங்கள். அது ‘நிகேத்தாஸ்’ என்ற கிரேக்கப் பெயர், ‘வென்றவன்’ என்று பொருள். கிரேக்க ஆண்பெயர்களின் கடைசி ‘ஸ்’ ரஷ்ய மொழிக்குள் வரும்போது உதிர்ந்துவிடும். அதனால்தான் நிகிதா, லுகா, ஃபொமா எல்லாம் ‘ஆ’வில் முடிந்தும் ஆண்பெயர்கள். இந்தியாவில் பெண்களுக்கு வைக்கும் நிகிதா வேறு. அதை வடமொழி ‘நிகேத’த்தோடு, அதாவது வீடு, உறைவிடம் என்பதோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பொருளில் வைத்தால் தவறே இல்லை. ரஷ்யப் பெயர் என்று சொல்லி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மிஷா இன்னொரு ரகம். அது மிஹயீல் என்பதன் செல்லச் சுருக்கம். கரடிக்கும் செல்லமாக மிஷா என்பார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் சின்னமாக வந்த கரடிக்குட்டியின் பெயரும் அதுவே. ரஷ்ய ஆவணங்களில் மிஹயீல் என்ற முழுப்பெயர்தான் இருக்கும், வீட்டில்தான் மிஷா. பிறப்புச் சான்றிதழில் மிஷா என்று எழுதுவது நம் ஊரில் ‘குட்டி’ என்று எழுதுவது மாதிரி. நாவல் வாசகர்கள் தடுக்கி விழும் இடம் இது. வான்யா என்றால் இவான், கோல்யா என்றால் நிகொலாய், மீத்யா என்றால் திமீத்ரி. எல்லாம் ஆண்கள். சாஷா போன்ற சில பெயர்கள் இருபாலுக்கும் பொது, அலெக்சாந்தரும் சாஷா, அலெக்சாந்திராவும் சாஷா. படிக்கும்போது குழம்பினால், முதற்பெயரை அடுத்து வரும் தந்தைப்பெயரைப் பாருங்கள். ‘விச்’ என்று முடிந்தால் ஆண், ‘வ்னா’ என்று முடிந்தால் பெண்.

அடுத்தது, ரஷ்யாவில் புழங்கும் பெயர்களில் பெரும்பங்கு ஸ்லாவியப் பெயர்களே அல்ல (ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் எல்லாம் சேர்ந்த மொழிக்குடும்பம்தான் ஸ்லாவியம்). நீங்கள் சொல்லும் இகோர் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவன், ‘இங்வார்’. ஒலெக்கும் ஒல்காவும் அப்படித்தான், ஹெல்கி, ஹெல்கா. தத்தியானா, நதாலியா, செர்கேய் லத்தீன். இவான் எபிரேயம், நம் கிறிஸ்தவர்கள் ‘அருளப்பன்’ என்று மொழிபெயர்த்துக்கொண்ட அதே யோவான். 988இல் கீவ் இளவரசன் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றபோது அவனுக்கே வசீலி என்று கிரேக்கப் பெயர்தான் சூட்டினார்கள். அதன்பின் தேவாலய நாட்காட்டியில் புனிதராக இடம்பெற்ற பெயர்களே ஞானஸ்நானத்துக்குச் செல்லும் என்றாகிவிட்டது. பழைய ஸ்லாவியப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் சிலதான் பிழைத்தன. விளாதிமிர் பிழைத்ததற்குக் காரணம், அந்த இளவரசனே பிற்பாடு புனிதராக அறிவிக்கப்பட்டதுதான்.

இனி உங்கள் மூன்று தளங்கள். மூன்றாவதுதான் மூலத்துக்கு நெருக்கம். முதற்பாதி ‘ஆளுதல்’, அதில் சண்டை இல்லை. சண்டையெல்லாம் இரண்டாம் பாதியில். பழைய ஏடுகளில் இது ‘வொலொதிமேர்’. ‘மேர்’ என்றால் பெரிய, பேர்பெற்ற. ஜெர்மானிய ‘வால்டெமார்’ பெயரில் இருக்கும் ‘மார்’ இதற்கு ஒன்றுவிட்ட உறவு. நாளாக ஆக மக்கள் காதில் அது தெரிந்த சொல்லான ‘மிர்’ ஆகிவிட்டது. ரஷ்ய மொழியில் மிர் என்றால் அமைதி, மிர் என்றால் உலகம். இரண்டுக்கும் முன்பு வேறு வேறு ‘இ’ எழுத்துகள் போட்டு எழுதினார்கள், விளாதிமிருக்கு உலகத்தின் ‘இ’யைப் போட்டார்கள். ‘உலகை ஆள்பவன்’ என்ற விளக்கத்துக்கு அது தோதாகிப்போனது. 1918 எழுத்துச் சீர்திருத்தத்தில் அந்த வேறுபாடு போய், அமைதியும் உலகமும் ஒரே எழுத்துக்கூட்டுக்குள் வந்துவிட்டன. ‘அமைதியின் தலைவன்’ என்று சொல்ல அதன்பின் என்ன தடை?

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய ஈருறுப்புப் பெயர்கள் வாக்கியங்கள் அல்ல. ஸ்லாவ், மிர், மில், யார், ஸ்வியாத், ராத், போக் என்று ஒரு கைப்பிடி உறுப்புகள் இருக்கின்றன, அவற்றை மாற்றி மாற்றிக் கோத்தார்கள். மிரொஸ்லாவ் உண்டு, ஸ்லாவொமிர் உண்டு. இரண்டும் அதே அமைதி, அதே புகழ், முன்பின் மாறியது மட்டுமே. ‘அமைதியால் புகழ் பெற்றவன்’, ‘புகழின் அமைதி’ என்றெல்லாம் தளங்கள் இழைத்துத் தருவது அவர்களே போட்ட வேற்றுமை உருபு. உறுப்புகளை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சில உறுப்புகளை நமக்கும் தெரியும். ‘ஸ்லாவா’ புகழ், வடமொழி ‘சிரவஸ்’ அதன் உறவு, நம் ‘சிரவணம்’ அந்த வேர்தான். ‘போக்’ கடவுள், ‘பக’வும் பகவானும் அந்தக் குடும்பம். இதில் எங்களுக்குப் பிடித்தது போக்தான் என்ற பெயர். ‘கடவுள் தந்தது’ என்று பொருள். குருக்ஷேத்திரத்தில் யானைமேல் வந்து அர்ச்சுனனோடு பொருத பகதத்தனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள், பக, தத்தன். ஏறக்குறைய அதே பெயர்.

நல்ல பொருள்தான் இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. போலந்து அரசர்கள் சூடிய கஸிமீரில் முதல் உறுப்பு ‘கெடுத்தல்’, இரண்டாவது அமைதி. போர்க்காலத்துப் பெயர், வேறென்ன சொல்ல! இதற்கு நேர்மாறு ஸ்பிக்னியெவ், ‘சினத்தைப் போக்கு’. பழைய ரஷ்யாவில் ‘நெக்ராஸ்’ என்று வைத்தார்கள், அழகில்லாதவன். ‘நெஷ்தான்’, எதிர்பாராதவன். கண்ணேறு படாமலிருக்க வைத்த பெயர்கள் இவை. செர்பிய மொழிக்கு அகராதி தந்த வூக் கராஜிச் 1787இல் பிறந்தபோது, அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. ஓநாய் என்று பெயர் வைத்தால் சூனியக்காரிகள் அண்டமாட்டார்கள் என்று ‘வூக்’ என வைத்தார்கள், ஓநாய் என்றே பொருள். குப்புசாமி, பிச்சை என்று பெயர் வைத்த பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உங்கள் மாமியாருக்கும்.

சோவியத் காலத்துச் செய்பெயர்களையும் தளங்கள் ஸ்லாவியப் பட்டியலில் கலந்து தருகின்றன. ‘நினெல்’ அழகாகத்தான் ஒலிக்கிறது, பின்னாலிருந்து படித்தால் லெனின். விளாத்லென் என்பது விளாதிமிர் லெனினின் வெட்டு ஒட்டு. லெனின், ஸ்டாலின் இரண்டும் அங்கே முதற்பெயர்களே அல்ல, புனைபெயர்கள். ஸ்டாலினில் இருப்பது எஃகு. அவற்றை நாம் தமிழ்நாட்டில் முதற்பெயராக்கிக்கொண்டோம்.

ஸ்வெத்லானாவுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் சிறந்தது இதுதான். ‘ஸ்வெத்’ ஒளி. ஸ்வேதாவில் இருக்கும் ‘சுவேத’, வெண்மை, இதன் உறவுச் சொல். எனவே வகுப்பில் ஒரு ஸ்வேதா இருந்தால் இருவரும் வேரில் அக்கா தங்கை. ஆனால் இது பழம்பெயர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வஸ்தோகொவ் என்ற கவிஞர் படைத்த பெயர். 1813இல் வெளியான ஷுகோவ்ஸ்கியின் கதைப்பாடல் அதைப் பரப்பியது. புனிதர் பட்டியலில் இல்லாததால் ஞானஸ்நானத்தில் வைக்க முடியவில்லை. ஸ்வெத்லானாக்களுக்குத் தேவாலயத்தில் ‘ஃபொத்தீனியா’ என்று, ஒளி என்றே பொருள்படும் கிரேக்கப் பெயர் கொடுத்தார்கள். புரட்சிக்குப் பின் பெயர்ப்பதிவு அரசு அலுவலகத்துக்கு வந்ததும் தடை போயிற்று.

எழுதும் முறை பற்றி. ஆங்கில எழுத்துக்கூட்டைப் பார்த்துத் தமிழில் எழுதுவதுதான் பிழைகளின் ஊற்று. செக் மொழியில் ஆங்கில ‘சி’ எழுத்துக்கு ‘த்ஸ்’ ஒலி, ‘வாக்லாவ்’ அல்ல, வாத்ஸ்லாஃப். போலிஷில் ‘டபிள்யூ’ நம் ‘வ’, குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ ஆங்கில ‘டபிள்யூ’ போல ஒலிக்கும். அதனால் அங்கே ஸ்லாவ் ‘ஸ்வாஃப்’ ஆகிவிடும். ரஷ்யப் பெயர்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்து அந்த அசையை நெடிலாக்கினால் பாதி வேலை முடிந்தது. ஸ்வெத்லானாவில் ‘லா’, லியுத்மீலாவில் ‘மீ’, விளதீமிரில் ‘தீ’. உக்ரைனியத்தில் இதே பெயர் வொலொதிமிர். செல்லமாக ரஷ்யர்கள் வொலோத்யா, வோவா என்பார்கள். ‘விளாத்’ பெரும்பாலும் விளாதிஸ்லாவின் சுருக்கம்.

நிகிதா, மிஷா இருந்த இடத்தில் வேறு சில பெயர்களைப் பாருங்கள். மிலா, ‘அன்புக்குரிய’. லியுத்மீலாவின் சுருக்கமாகவும் வரும், தனிப்பெயராகவும் நிற்கும். வேரா, ‘நம்பிக்கை’, கடவுள்மேல் வைக்கும் விசுவாசம். நாத்யா, ‘இனி நல்லது நடக்கும்’ என்ற நம்பிக்கையைக் குறிக்கும் நதேழ்தாவின் சுருக்கம். வேராவும் நதேழ்தாவும் கிரேக்கப் புனிதர் பெயர்களை ஒலிபெயர்க்காமல் ஸ்லாவியத்தில் மொழிபெயர்த்தவை. செர்பியாவிலும் ஸ்லொவேனியாவிலும் வெஸ்னா என்று வைக்கிறார்கள், வசந்தம். பல்கேரியாவில் ராதா என்றே ஒரு பெயர் இருக்கிறது, ‘மகிழ்ச்சி’ என்ற வேர். ஒலியில் நம் ராதாவைத் தொடும், பொருளில் வேறு. மாமியாரையும் உங்களையும் ஒருசேரச் சமாதானப்படுத்த அது போதும் என்று தோன்றுகிறது. ஆண் பிறந்தால், ஸ்லாவிய வேர் இல்லாத இகோரை விட்டுவிட்டு, விளாதிமிரையோ போக்தானையோ எடுங்கள். போக்தானை மட்டும் ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், பள்ளியில் அது ‘போகதான்’ ஆகும் வாய்ப்பு அதிகம்.

பெயர் முடிவாகாமல் பிரசவம் ஆகிவிட்டாலும் பதறவேண்டாம். பிறப்பை மட்டும் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். லியுத்மீலா போன்ற பெயரானால் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டுகள் புழங்கும். சான்றிதழில் எதை எழுதுகிறீர்களோ அதையே ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஓர் எழுத்து மாறாமல் கொடுங்கள். ஸ்வெத்லானாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.