கர்ப்பத்தின் தொடக்கத்தில் தைராய்டு ஆன்டிபாடி: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு இது எட்டாவது வாரம். டி.எஸ்.ஹெச். 1.9 என்று வந்துள்ளது, ஆனால் டி.பி.ஓ. ஆன்டிபாடி பாசிட்டிவ். ஹார்மோன் சரியாக இருக்கும்போது நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைவாகச் சுரந்தால் அது உயரும். உங்களுக்கு உயரவில்லை என்பதால், இன்றைய நிலையில் உங்கள் தைராய்டு தன் ஹார்மோனான தைராக்சினைப் போதிய அளவு சுரக்கிறது. ஆயினும், டி.பி.ஓ. ஆன்டிபாடி காட்டுவதுபோல், உடலின் எதிர்ப்பாற்றல் அச்சுரப்பியைத் தாக்கி வருவதால், கர்ப்பத்தில் கால் பங்கு முதல் பாதி வரை கூடும் தைராக்சின் தேவைக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். முதல் மூன்று மாதங்களில் சிசு பெரும்பாலும் தாயின் ஹார்மோனையே நம்பியிருப்பதால், கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பின்னர் 30ஆவது வாரத்தையொட்டி ஒருமுறையும் டி.எஸ்.ஹெச். பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி அளவை மீண்டும் மீண்டும் சோதிப்பதில் பயனில்லை.

கேள்வி: இருமுறை கரு கலைந்துவிட்டது. டி.எஸ்.ஹெச். இயல்பாக இருந்தாலும் தைராக்சின் மாத்திரை எடுத்தால் இம்முறை கரு தங்குமா?

பதில்: இந்த ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் சற்று அதிகமாக நேர்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரை அதைத் தடுக்குமா என்பதை அறிய, கருச்சிதைவோ குழந்தையின்மையோ அனுபவித்த, ஹார்மோன் அளவு இயல்பாக இருந்த, இந்த ஆன்டிபாடி உள்ள 952 பெண்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்ட 'டேப்லெட்' ஆய்வு 2019இல் வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 50 மைக்ரோகிராம் உட்கொண்டவர்களில் 37.4 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 37.9 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். அதாவது, வேறுபாடே இல்லை. எனவே, டி.எஸ்.ஹெச். இயல்பாக உள்ளவரை இம்மாத்திரையின் மீது நம்பிக்கையை ஏற்றிவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மாத்திரை எடுக்காததால்தான் கரு கலைந்தது என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளவும் வேண்டாம். தொடர் கருச்சிதைவுக்கான மற்ற காரணங்களையும் மருத்துவர் ஆராயட்டும்.

கேள்வி: எனக்கு ஆன்டிபாடியுடன் டி.எஸ்.ஹெச். 6.1 இருக்கிறது.

பதில்: உங்கள் நிலை வேறு, கர்ப்பகால வரம்பைத் தாண்டிவிட்டதால் தைராக்சின் தேவை, தாமதிக்காமல் தொடங்குங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி இருக்கட்டும். இல்லையெனில் மருந்து சரிவர உறிஞ்சப்படாது.

கேள்வி: செலினியம் என்னும் தாதுச்சத்து மாத்திரை எடுக்கலாமா?

பதில்: இந்த ஆன்டிபாடிக்கெனப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

கேள்வி: ஆன்டிபாடி குழந்தையைத் தாக்குமா?

பதில்: டி.பி.ஓ. ஆன்டிபாடி நச்சுக்கொடியைக் கடந்தாலும், பொதுவாகக் குழந்தையின் தைராய்டைப் பாதிப்பதில்லை. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் காணப்படும் டி.எஸ்.ஹெச். ஏற்பி ஆன்டிபாடி பாதிக்கக்கூடியது. அந்நோய்க்கு முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரிடம் அதைத் தெரிவித்தாக வேண்டும்.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் கண்காணிப்பு தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. கர்ப்பத்தில் தணிந்திருந்த ஆன்டிபாடி பிரசவத்துக்குப் பின் மீண்டும் உயர்வதால், இத்தகைய தாய்மார்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை தைராய்டு அழற்சிக்கு ஆளாகின்றனர். முதலில் படபடப்பும், சில மாதங்களில் கடும் சோர்வும் மனத்தளர்ச்சியும் தோன்றலாம். பச்சிளங்குழந்தையுடன் தூக்கம் கெட்டதால்தான் என்று வீட்டார் சொன்னாலும், ஒரு டி.எஸ்.ஹெச். பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.