கொட்டையைச் சுட்டது யார்?

அன்புள்ள ஐயா,

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழா பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். சிறுவள்ளிக் கிழங்கு என்ற பெயரைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! நான் வசிப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கோடை விடுமுறையில் பம்புசெட்டில் குளித்ததும் தோப்பில் முந்திரிக்கொட்டை சுட்டுத் தின்றதும் இன்றும் கனவில் வருகின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷம் தெரியுமா? எந்நேரமும் கைபேசிதான். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். ஊரில் கால் காணி வாங்கி, ஓட்டு வீடு கட்டிக்கொண்டு போய்விட ஆசை. மனைவிக்குத் துளியும் விருப்பமில்லை. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? முதுமையை மகிழ்ச்சியாக எதிர்கொள்வது எப்படி என்று நீங்கள் எழுத வேண்டும். என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பெரியம்மாவோடு ரேஷன் கடையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். மற்றபடி, ‘அந்தக் காலம் போல வருமா’ என்று முடிகிற கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. வாரத்துக்கு நாலு வருகின்றன.

கைபேசிப் பிள்ளைகளை விடுங்கள். நம் கையில் டிரான்சிஸ்டரைப் பார்த்து நம் தாத்தாக்கள் இதைவிட மோசமாகத் திட்டினார்கள். கால் காணியை வில்லங்கம் பார்த்து வாங்குங்கள், வேறென்ன சொல்ல. நீங்கள் கனவில் காணும் தோப்பு அங்கே இருக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய காலையில் எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டன. இப்போது அங்கே நிற்பவை ஒட்டுக்கன்று வளர்ந்த மரங்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ரகம், குட்டை மரம், நன்றாகக் காய்க்கிறது. நீங்கள் ஏறி விளையாடிய மரம் இல்லை, அவ்வளவுதான்.

என்னை நிறுத்தியது அந்த ஒரு வரி. ‘முந்திரிக்கொட்டை சுட்டுத் தின்றோம்.’ உண்மையைச் சொல்லுங்கள், நீங்களா சுட்டீர்கள்?

நான் சுடவில்லை. தின்றேன். சுட்டது பெரியம்மா. மூன்று கல் வைத்து, முந்திரிச் சருகைப் போட்டுத் தீ மூட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் கொட்டையைப் பரப்புவார். சூடு ஏற ஏறத் தோட்டிலிருந்து எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் குப்பென்று பற்றிக்கொள்ளும். கரும்புகை. படபடவென்று வெடிக்கும். வெடிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் எங்கே பட்டாலும் தோல் உரியும். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீளக் கம்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது கவிழ்ப்பது என்பதுதான் வித்தை. கொஞ்சம் முந்தினால் தோட்டில் பால் நிற்கும், கொஞ்சம் பிந்தினால் பருப்பு கருகும். அவர் அதைக் கண்ணால் பார்க்கமாட்டார். சத்தம் குறைவதைக் காதால் கேட்டே தகரத்தைக் கவிழ்த்து மண்ணை வாரிப் போடுவார். பிறகு ஒவ்வொரு கொட்டையாகக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, கட்டையால் ஒரே தட்டு. பருப்பு முழுசாக வரும். உடைந்தது எங்களுக்கு, முழுசு விற்பனைக்கு. நாங்கள் ஏழெட்டுப் பையன்கள் சுற்றி நின்று அது எப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது யோசித்தால், எங்களுக்காகவே சிலதைச் சற்று அழுத்தித் தட்டியிருப்பார் போலிருக்கிறது.

இது விளையாட்டுக்குச் சுட்டது. பிழைப்புக்கு உடைத்தது தனி. எட்டு வயதில் உட்கார்ந்தவர் எழுபதுக்குப் பக்கத்தில்தான் எழுந்தார். கூலி கிலோ கணக்கு. கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார், சில நாள் விளக்கெண்ணெய். இரண்டும் கொஞ்ச நேரத்துக்குத்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கரிக்கட்டை மாதிரி இருக்கும். வெடிப்பில் ரசம் பட்டால் எரியும் என்று மோர்ச்சோறுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பார். அந்த விரல்கள் சொரசொரவென்று மண்டையில் இழுபடும், முடி சிக்கும். அத்தனை சுகமாக இருக்கும். இந்த அறுபத்து நாலு வயதில் யாராவது ‘உன் பால்ய நினைவில் இனிமையானது எது’ என்று கேட்டால் அந்தச் சொரசொரப்பைத்தான் சொல்வேன். அது என்னவென்று எனக்கு ஐம்பது வயதுவரை உறைக்கவில்லை. நண்பரே, உங்களை மட்டும் திட்டவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே எண்ணெயில் எங்களுக்கு இன்னொரு விளையாட்டு உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பச்சைக் கொட்டையைக் கீறி, வருகிற பாலில் முள்ளைத் தொட்டுக் கையில் எழுத்துப் போடுவது. ஒன்பது வயதில் இடது முழங்கைக்குக் கீழே ‘க’ போட்டுக்கொண்டேன். கொப்புளம் வெடித்து, புண்ணாகி, இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்து இன்னும் இருக்கிறது.

அன்று ரேஷன் கடையில் அந்தக் கையைத்தான் கட்டிக்கொண்டு நின்றேன். பெரியம்மா கட்டைவிரலை வைத்தார். கருவி கூவியது. ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி. அடுத்த விரல். பத்து விரலும் ஆயிற்று. ‘சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா பாட்டி’ என்றார் கடைக்காரர். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பெரியம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. ‘ரேகையெல்லாம் மண்டிக்காரன் மூட்டையிலே போயிடுச்சுப்பா, அவன்கிட்டப் போயிக் கேளு’ என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது, கடைக்காரரும். கடைசியில் கண்ணைப் பார்க்கிற கருவியை எடுத்து வந்தார்கள். கண்புரை எடுத்த கண்தான், ஆனாலும் ஏற்றுக்கொண்டது. அரிசி வாங்கினோம்.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. ‘சின்ன வயசுல எவ்வளவு நல்லா இருந்தது, இல்ல பெரியம்மா?’ என்று ஒரு முறை, உங்களைப் போலவே, கேட்டுவைத்தேன். ‘உனக்கு நல்லா இருந்திருக்கும்’ என்றார். கோபமே இல்லை. கணக்கைச் சொல்கிற குரல்.

அவருக்கு நல்ல காலம் இப்போதுதான் நடக்கிறது. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் மனுஷி வீட்டில் இல்லை. எங்கே போகிறார் என்று கேட்டால், ‘சும்மா போயிட்டு வரேன்.’ ஒரு நாள் பின்னாலேயே போனேன், வேவு பார்க்கத்தான். ஜன்னல் ஓரம். நிறுத்தம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறார். பண்ருட்டியில் இறங்கிப் பலாப்பழ மண்டியில் விலை கேட்டார், வாங்கவில்லை. திருவதிகை கோயிலுக்குப் போய், உள்ளே கும்பிட்டது இரண்டு நிமிடம், வெளிப்பிரகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த கோயில் அது. தம்பி பாட, அக்கா திலகவதியார் அங்கே பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். கூட முந்திரி உடைத்த ஒரு கிழவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை உரித்துத் தின்றார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. எழுபது வயதுக்குள் அவர் கடலைப் பார்த்தது மூன்றே முறை, மூன்றும் மாசி மகத்துக்கு. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தால், ‘பீச்சுக்கு வண்டிய எடு’ என்கிறார்.

முதுமையை எதிர்கொள்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா. அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. வருகிறவரை வழிக்கே போய் வரவேற்று அழைத்து வருவதுதான் எதிர்கொள்ளல். இப்போது அதைச் சண்டைக்கு நிற்பதுபோல ஆக்கிவிட்டோம். முதுமை என்ன மஞ்சுவிரட்டுக் காளையா? சரி, சொல்லாராய்ச்சியில் இறங்கினால் நிறுத்தமாட்டேன்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். ‘அவளுக்கு எப்படிப் புரியவைப்பது’ என்ற வரியைப் படித்தபோது கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று வந்தது, மின்னஞ்சல் என்பதால் முடியவில்லை. அந்த ஓட்டு வீட்டில் வாசல் தெளிப்பது யார்? மோட்டார் ஓடாத நாளில் தண்ணீர் கொண்டுவருவது யார்? புதுச்சேரியிலிருந்து உங்கள் நண்பர்கள் ‘கிராமத்துச் சாப்பாடு’ தேடி வருவார்களே, அடுப்பு யாருடையது? நீங்கள் பம்புசெட்டில் குதித்துக்கொண்டிருந்த அதே மே மாதத்தில் அவர் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவை கேட்டதுண்டா? கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் அடுத்த கடிதம் முதல் கடிதத்தைவிட நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். சிறுவள்ளிக் கிழங்கின் பெயரைப் பார்த்ததும் கடிதம் எழுதத் தோன்றிய ஆள்மீது எனக்கு உள்ளூரப் பிரியம்தான். சித்திரையில் கொட்டை விழும். இருவரும் எங்கள் ஊருக்கு வாருங்கள். தகரமும் கம்பும் தயாராக இருக்கும், சுடுவது நீங்கள். பெரியம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நீங்கள் செய்வதெல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பார். கட்டிலில் இன்னொருவர் உட்கார இடம் உண்டு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். முந்திரிப் பழச்சாறு பட்டால் கறை போகாது.