பூ உதிர்ந்த தொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்! – தோட்டம்: கேள்வி பதில்

புரட்டாசி பாதியில் தொடங்கி கார்த்திகை தீபம் வரை நம்ம ஊர் நர்சரிகளுக்குத் திருவிழாக் காலம். வாசலில் வாழைக்கன்று, உள்ளே நுழைந்ததும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சாமந்தித் தொட்டிகள், ஒரு பக்கம் வில்லியனூர் சுடுமண் தொட்டிகளும் அகல்விளக்குகளும், பிள்ளைகள் மண்ணை அளைந்து விதை ஊன்ற ஒரு மூலை. போனால் வெறுங்கையோடு திரும்ப மனசு வராது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கே வாங்கி வந்த செடிகளைப் பற்றித்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நர்சரியில் ஆறு தொட்டி சாமந்தி வாங்கினேன். பத்து நாளில் பூவெல்லாம் காய்ந்துவிட்டது. இப்போது வெறும் இலைதான் நிற்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை. தீபாவளிக்குள் மறுபடி பூக்குமா, இல்லை தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

தூக்கிப் போடாதீர்கள். தீபாவளிக்குள் பூக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சாமந்திக்கு இருட்டு வேண்டும். பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும், அதுவும் இடையில் வெளிச்சம் படாத முழு இருட்டாக இருக்க வேண்டும். நீங்கள் வாங்கி வந்த தொட்டி, நர்சரிக்கு வருவதற்கு முன்பே ஏதோ ஒரு தோட்டத்தில் அந்த இருட்டை அனுபவித்து மொட்டு பிடித்து வந்தது. உங்கள் வீட்டில் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வாசல் படியிலோ மாடிச் சுவர் ஓரத்திலோ இருந்தால், நேராக மேலே தெருவிளக்கு எரிகிறதா என்று இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை பாருங்கள். என் வீட்டில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு தொட்டிகளில் ஒன்று விளக்குக் கம்பத்துக்கு எதிரே, இன்னொன்று பின்பக்கம் கிணற்றடியில் இருந்தது. கிணற்றடிச் செடி கார்த்திகையில் மறுபடி பூத்தது, கம்பத்தடிச் செடி தை பிறந்தும் இலையாகவே நின்றது. எரு, தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான், நான் காரணம் தேடி அலைந்து கடைசியில் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தபோதுதான் புரிந்தது. இடம் மாற்ற முடியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். சில வாரம் விடாமல் செய்ய வேண்டும், நடுவில் இரண்டு நாள் மறந்தால் பலன் குறைந்துவிடும். டிசம்பரில் நர்சரிக்கு வரும் சிவப்பு இலைக் கிறிஸ்துமஸ் செடிக்கும் இதே கணக்குதான். அதில் சிவப்பாக இருப்பது பூவே இல்லை, இலை. இருட்டு கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் அது பச்சையாகவே இருக்கும்.

அப்புறம் வேர். இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். கறுப்புக் கவரில் வரும் செடியின் அடியில் இருப்பது பெரும்பாலும் இறுகிய செம்மண் கட்டி. ஒரு நாள் தண்ணீர் தவறினால் செங்கல் மாதிரி ஆகிவிடும், பிறகு நீங்கள் ஊற்றும் தண்ணீர் கட்டியைச் சுற்றி வழிந்து தொட்டி ஓட்டை வழியாக வெளியே போகும். மேல்மண் ஈரமாகத் தெரியும், உள்ளே வேர் தாகத்தில் இருக்கும். கவரைப் பிரித்ததும் கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அப்படியே மூழ்க வையுங்கள். குமிழி குமிழியாக வரும். குமிழி நின்ற பிறகு எடுத்து, அடியில் வட்டமாகச் சுருண்டிருக்கும் வேரை விரலால் மெதுவாகப் பிரித்துவிட்டு நடுங்கள். மண், தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, அது போதும்.

உங்கள் ஆறு தொட்டியிலும் காய்ந்த பூக்காம்பைக் கிள்ளிவிடுங்கள். கிழங்கு மாதிரி அடியில் தடித்திருக்கும் இடத்திலிருந்து புதுக் குருத்துகள் வெடித்து வரும். பழைய தண்டை நாலு விரல் உயரம் விட்டு வெட்டினால் அந்தக் குருத்துகள் வேகம் பிடிக்கும், அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் அடுத்த ஆனி, ஆடியில் ஆறு தொட்டி இருபதாகும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் புதுச்சேரியில் சாமந்தி விலை ஏறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரான்சிலும் அந்த நாட்களில் கல்லறையில் சாமந்தித் தொட்டி வைப்பதுதான் வழக்கம், இரவு நீளும் அந்தப் பருவத்தில் தானாகவே பூப்பது இந்தச் செடி. அடுத்த வருஷம் அந்த நாளுக்கு உங்கள் வீட்டுப் பூவே போகட்டும்.

ஆயுத பூஜைக்குக் கடை வாசலில் கட்டிய வாழைக்கன்றுகள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன. பின்பக்கம் நட்டால் வருமா?
– வாசகர், பண்ருட்டி

அடியைத் திருப்பிப் பாருங்கள். கிழங்கோடு பெயர்த்து வந்திருந்தால், அதில் ஒரு கண் இருந்தால் வரும், இலைகளை வெட்டிவிட்டு நட்டுவிடலாம். பூஜைக்கு விற்பவை பெரும்பாலும் கிழங்குக்கு மேலே வெட்டியவைதான், அவை எத்தனை நாள் பச்சையாக இருந்தாலும் வெறும் தண்டு, முளைக்காது. பொடியாக நறுக்கி மட்கவிடுங்கள், வாழைத்தண்டில் சாம்பல் சத்து நிறைய. மா இலைத் தோரணம், செண்டுமல்லி மாலை எல்லாம் அதே குழிக்குப் போகலாம், மாலை கட்டிய பிளாஸ்டிக் நூலை மட்டும் பிரித்து எடுத்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. மாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயலில் எல்லாம் போய்விட்டது. இந்த ஐப்பசியில் நர்சரியில் காய்கறி நாற்று வாங்கி வைக்கலாமா, இல்லை மழை முடியும் வரை காத்திருக்கலாமா?
– வாசகர், கடலூர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 2011 டிசம்பர் 30 ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது, பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்து கிடந்ததை நேரில் பார்த்தவன் நான். என் வீட்டு முருங்கையும் அன்று போனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தொட்டிச் செடி செத்தால் அது உங்கள் தவறு இல்லை, அதை முதலில் மனசில் வையுங்கள்.

நாற்று வாங்கி இப்போதே மாடியில் வைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஆரம்பிக்கும், நம் பகுதிக்கு வருஷ மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். இந்த அடைமழையில் இளம் நாற்று தண்டடியில் கறுத்துச் சாய்ந்துவிடும், நாற்றழுகல் என்று சொல்வார்களே, அதுதான். அதற்குப் பதிலாக ஐப்பசி கடைசியில் விதையைக் கூரைக்குக் கீழே குழித்தட்டில் ஊன்றுங்கள், ஜன்னலோரமோ தகரக் கொட்டகையோ வெளிச்சம் வந்தால் போதும். மிளகாய் நாற்பது நாளில் நடும் பருவம், கத்தரி முப்பது முப்பத்தைந்து, தக்காளி இருபத்தைந்து. மிளகாயை முதலில், தக்காளியைக் கடைசியில் விதைத்தால் மூன்றும் ஒரே சமயத்தில் தயாராகி, மார்கழியில் மழை ஓயும்போது மாடிக்குப் போகும். நம்ம மாவட்டத்திலேயே பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கிருந்து வெளியான கத்தரி ரகங்கள் நம் மண்ணில் வளர்ந்து பழகியவை, வெளியூர் வீரிய ரகத்துக்கு முன்னால் அதை ஒரு தடவை முயன்று பாருங்கள் என்பது என் விருப்பம்.

புயல் அறிவிப்பு வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும் தொட்டிகளை முதலில் இறக்குங்கள், அது கீழே போகிறவர்கள் தலைக்கு ஆபத்து. உயரமான செடிகளை நிற்கவிடாமல் தொட்டியோடு படுக்க வைத்து ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குங்கள். மாடித் தண்ணீர் போகும் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் விட முக்கியம், அது அடைத்தால் தொட்டி மட்டும் இல்லை, வீடே ஒழுகும். புயல் போன மறுநாள் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள், கடல் காற்றில் வந்த உப்பு இலை நுனியைக் கருக்கும். செடி நைந்து கிடக்கிறதே என்று உடனே உரம் போடாதீர்கள், வேர் மூச்சுவிட ஒரு வாரமாவது ஆகும்.

தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு ஒரு செடியும் தரலாம் என்று நினைக்கிறோம், இருபது பேர். எது நல்லது?
– வாசகி, நெய்வேலி

ரோஜா வேண்டாம். வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு மாதத்தில் போய்விடும், மனசு கஷ்டம்தான் மிஞ்சும். கற்பூரவல்லி கொடுங்கள். ஒரு நல்ல செடியிலிருந்து விரல் நீளத் துண்டுகளாக ஒடித்து இன்றைக்கே ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும், காசும் மிச்சம். மழைக்காலச் சளிக்கு வீட்டிலேயே இலை கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் வாட விடமாட்டார்கள். தண்ணீர் மட்டும் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள்.

கார்த்திகைப் பூவை நர்சரியில் பூவோடு பார்த்தேன், தீப்பிடித்த மாதிரி அவ்வளவு அழகு. வாங்கலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகி, லாஸ்பேட்டை

குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் வாங்குங்கள். கார்த்திகைப் பூ என்கிற செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ, மழையில் வேலிகளில் தானாக ஏறி இலை நுனியையே கொக்கியாக்கிப் பற்றிக்கொண்டு பூக்கும் அழகுக்கு நிகர் இல்லை. ஆனால் அதன் எல்லாப் பகுதியிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் நிறைய, அதுவோ பார்க்க ஏதோ சாப்பிடும் கிழங்கு போலவே இருக்கும். வேலியில் பூத்திருக்கும்போது குழந்தையைத் தூக்கிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், பூத்து முடிந்து கொடி காய்ந்தால் செத்துவிட்டது என்று தோண்டி எறிய வேண்டாம். கிழங்கு ஓய்வில் இருக்கிறது, தண்ணீரை நிறுத்திவிடுங்கள், அடுத்த மழைக்குக் கிளம்பும்.

மழை பெய்யும்போதே மல்லிகையைக் கவாத்து பண்ணலாமா? பக்கத்து வீட்டு அக்கா தை மாதம் வரை தொடாதே என்கிறார்கள்.
– வாசகி, பாகூர்

அக்கா முல்லையை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். முல்லைக்கு ஜனவரி கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, உங்கள் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள், காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் சில நாள் தண்ணீர் விடக் கூடாது என்பார்கள், நம் ஊரில் அந்த வாரம் வானம்தான் ஊற்றும், அதனால் இரண்டு நாள் வெயில் அடிக்கும் இடைவெளி கிடைத்ததும் காலையில் வெட்டிவிடுங்கள், வெட்டுக்காயம் சாயங்காலத்துக்குள் உலர்ந்துவிடும். பிறகு மட்கிய எரு வைத்து மண் அணைத்தால் மாசி, பங்குனியில் மொட்டு பறிக்கலாம்.