வீடும் வாசலும்: சவுத்எண்ட் கடலோரத்தில் வீடு வாங்குவோருக்கு

கேள்வி: ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் வேலை லண்டன் சிட்டியில். இங்கே ஃபிளாட் வாங்கும் காசுக்கு சவுத்எண்ட் பக்கம் தோட்டத்தோடு வீடே கிடைக்கும் என்கிறார்கள். எந்தப் பகுதியைப் பார்க்கலாம்?

பதில்: முதலில் ரயிலைப் பாருங்கள், வீடு அப்புறம். சி2சி என்ற ரயில் நிறுவனத்தின் தடத்தில் லீ-ஆன்-சீ, சாக்வெல், வெஸ்ட்கிளிஃப், சவுத்எண்ட் சென்ட்ரல், சவுத்எண்ட் ஈஸ்ட், தார்ப் பே, ஷூபரினெஸ் என வரிசையாக நிலையங்கள். லீயிலிருந்து லண்டன் சிட்டியில் உள்ள ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு முக்கால் மணி நேரம், தார்ப் பேயிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது பாசில்டன் வழியாகப் போகும் வண்டியின் கணக்கு. டில்பரியைச் சுற்றிப் போவதில் ஏறினால் இன்னும் நேரமாகும். வண்டி ஷூபரினெஸ்ஸில் புறப்படுவதால் காலையில் தார்ப் பேயில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். லீயில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

லீயில் கடைத்தெரு மேட்டில், பிராட்வேயில். ஸ்டேஷன் பள்ளத்தில், ஊரின் மேற்குக் கோடியில். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து அந்த ஏற்றத்தை ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். குறுகிய தெருக்கள், பல வீடுகளுக்கு கார் நிறுத்த சொந்த இடம் கிடையாது. வெஸ்ட்கிளிஃப்பில் பெரிய பழைய வீடுகளைப் பிரித்து ஃபிளாட் ஆக்கியவை அதிகம். தார்ப் பே அகலமான சாலைகள், அமைதி, அதற்கேற்ற விலை. சாக்வெல்லில் ஸ்டேஷனே கடற்கரையை ஒட்டி இருக்கிறது. பட்ஜெட் இடம் கொடுத்தால் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

ஏஜென்ட் போடும் படத்தில் கடல் எப்போதும் நிறைந்தே இருக்கும். நிஜத்தில் இது தேம்ஸ் முகத்துவாரம். ஓதம் இறங்கி நீர் வற்றும்போது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வெறும் சேறுதான். இங்கே பியரை, அதாவது கடலுக்குள் நீளும் நடைமேடையை, 2.14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டியதே அதனால்தான். வீட்டை ஒருமுறை நீர் வற்றிய நேரத்திலும், மறுமுறை கோடை ஞாயிறு மதியம் கார்கள் குவியும்போதும் போய்ப் பாருங்கள். சவுத்எண்ட் விமான நிலையத்தின் ஓடுபாதை தென்மேற்கே லீயை நோக்கி இருப்பதால், வடக்கு லீயில் தோட்டத்தில் நின்று காது கொடுத்தும் கேளுங்கள்.

கேள்வி: 450,000 பவுண்டுக்கு வீடு பேசி முடித்திருக்கிறோம். இங்கே இதுதான் எங்கள் முதல் வீடு. கணவர் பெயரில் கோவையில் ஒரு ஃபிளாட் உண்டு, வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஸ்டாம்ப் டியூட்டியில் முதல் வீட்டுச் சலுகை கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. உலகத்தில் எங்கே வீடு வைத்திருந்தாலும் அவர் முதல்முறை வாங்குபவர் அல்ல. இருவரும் சேர்ந்து வாங்கினால் இருவருமே அந்தத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி கணக்கு இது. முதல்முறை வாங்குபவருக்கு 300,000 வரை வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம். சலுகை இருந்திருந்தால் உங்கள் விலைக்கு 7,500 பவுண்டு. மற்றவர்களுக்கு முதல் 125,000-க்கு ஒன்றுமில்லை, 250,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம், ஆக 12,500.

உங்களுக்கு அதோடும் நிற்காது. கோவை ஃபிளாட்டின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், இது கூடுதல் வீடு என்று கருதி முழு விலைக்கும் 5 சதவீதம் சேர்ப்பார்கள். அது மட்டும் 22,500. மொத்தம் 35,000 பவுண்டு!

“என் பெயரில் மட்டும் வாங்கினால்?” என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். கணவன் மனைவி சேர்ந்து வாழும்வரை இருவர் சொத்தையும் ஒன்றாகவே பார்ப்பார்கள், தப்ப முடியாது. பெற்றோர் வழியாக வந்த பாகத்துக்கு ஒரு விலக்கு உண்டு: மூன்று ஆண்டுக்குள் வாரிசாகக் கிடைத்தது, பங்கு பாதிக்கு மிகாதது என்றால் இந்த 5 சதவீதத்துக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஃபிளாட்டை விற்கும் எண்ணம் இருந்தால் இங்கே சாவி வாங்கும் நாள் முடிவதற்குள் விற்பனை முடிந்திருக்க வேண்டும். பின்னால் விற்றுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி, அண்மைவரை நீங்களே குடியிருந்த வீட்டுக்குத்தான். வாடகைக்கு விட்டதற்கு அல்ல.

ஊரில் உள்ள சொத்தை, வீடு வாங்கித் தரும் வக்கீலான சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரிப் படிவத்தை, வீடு கைமாறிய 14 நாளுக்குள் தாக்கல் செய்து பணமும் கட்டியாக வேண்டும். கடன் எல்லாம் கணக்குப் போட்டு முடித்தபின் 22,500 புரட்டுவது எளிதல்ல.

கேள்வி: 1930களில் கட்டிய வீடு. வங்கி அனுப்பிய ஆள் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். தனியாக சர்வே தேவையா? மேற்குப் பக்கச் சுவரில் மெல்லிய விரிசல் தெரிகிறது.

பதில்: வங்கி பார்த்தது அதன் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதை மட்டும். உங்களுக்காக ஆர்ஐசிஎஸ் (சர்வேயர்களின் தொழில் அமைப்பு) உறுப்பினரான சர்வேயர் ஒருவரை அமர்த்துங்கள். இந்த வயது வீட்டுக்கு லெவல் 3 சர்வே, அதாவது மிக விரிவானது.

விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் விஷயம். செங்கல் வரிசைக்கு இணையாகப் படுக்கைவாட்டில், ஆறு வரிசைக்கு ஒருமுறை, அதாவது சுமார் 450 மில்லிமீட்டர் இடைவெளியில் காரை பிளந்திருந்தால் உள்ளே வால் டை துருப்பிடித்திருக்கலாம். இடைவெளிவிட்ட இரட்டைச் சுவரை இணைக்கும் இரும்புத் தகடு அது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதுதான் காரையைப் பிளக்கிறது. உப்புக் காற்றும் அடித்துப் பெய்யும் மழையும் படும் பக்கத்தில் இது சீக்கிரம் வரும். 1981-க்கு முன் துத்தநாகப் பூச்சும் மெல்லியது. சுவரில் செங்கல்லின் நீளப்பக்கம் மட்டுமே தெரிந்தால் பெரும்பாலும் இரட்டைச் சுவர். நடுநடுவே குறும்பக்கமும் தெரிந்தால் ஒற்றைச் சுவர், இந்தத் தொல்லை இல்லை. சோதிப்பவர் மெட்டல் டிடெக்டரால் தகட்டைக் கண்டுபிடித்து, சிறு துளை போட்டு எண்டோஸ்கோப்பில் பார்ப்பார். துரு என்றால் துருப்பிடிக்காத எஃகில் புதியவை, பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 2.5 வீதம். பழைய தகடு தடிமனானதென்றால் அதை எடுக்கவோ, காரையிலிருந்து பிரித்துவிடவோ வேண்டும். விட்டால் புதியது போட்ட பிறகும் அது வீங்கிக்கொண்டே இருக்கும்.

விரிசல் சாய்வாக, ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறி, மேலே அகலமாக இருந்தால் சந்தேகம் அஸ்திவாரத்தின் மேல். சவுத்எண்ட் இருக்கும் தென்கிழக்கு எசெக்ஸ் இங்கிலாந்திலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. அடியில் லண்டன் களிமண். வறண்ட கோடையில் களிமண் சுருங்கும், பக்கத்தில் மரம் இருந்தால் இன்னும் சுருங்கும். வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் காப்பீட்டுக் கேள்விகளை வரிவிடாமல் படியுங்கள். மேட்டு விளிம்பில் உள்ள வீடு என்றால் நிலச்சரிவையும் கேளுங்கள். 2002-இல் கிளிஃப்டவுன் பக்கம் கடலோரச் சரிவே இறங்கியது.

கேள்வி: வெஸ்ட்கிளிஃப்பில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், லீஸ் (ஃபிளாட்டை வைத்திருக்கும் உரிமைக் காலம்) இன்னும் 74 ஆண்டு. விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: விலை குறைந்ததே அந்த 74-ஆல்தான். இப்போதைய நடைமுறையில் 80-க்குக் கீழே போனால் லீஸை நீட்டும் செலவு சட்டென்று ஏறும். விற்பவரையே நீட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தச் செலவை மதிப்பிட்டு விலையில் கழியுங்கள். மூன்று ஆண்டு சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) கணக்கும் கேளுங்கள்: கடல் பார்த்த பால்கனியின் இரும்பு அரித்துப் போனால் அந்தப் பில் எல்லாருக்கும் பங்கு போடப்படும்.

கேள்வி: மகள் இப்போது இயர் 5 (ஐந்தாம் ஆண்டு வகுப்பு). நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கும் கிராமர் ஸ்கூலுக்காகவே இடம் மாற நினைக்கிறோம். எப்போது தொடங்க வேண்டும்?

பதில்: இப்போதே. இங்கே நான்கு கிராமர் பள்ளிகள்: சவுத்எண்ட் ஹை, வெஸ்ட்கிளிஃப் ஹை, இரண்டிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. நுழைவுத்தேர்வு இயர் 6 தொடங்கும் செப்டம்பரில். பதிவு அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்துவிடும். பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. பள்ளி வகுத்த எல்லைக்குள் வசிப்பவருக்கு முன்னுரிமை உண்டு. எந்தத் தேதியில் அந்த முகவரியில் இருக்க வேண்டும் என்பதைப் பள்ளியின் சேர்க்கை விதியில் பாருங்கள். வீட்டு விலை ஒப்புக்கொண்டதிலிருந்து சாவி வாங்க மூன்று நான்கு மாதம் சாதாரணமாக ஆகும். ஒப்பந்தம் பரிமாறி 10 சதவீத டெபாசிட் கட்டும்வரை எந்தப் பக்கமும் பின்வாங்கலாம் என்பதால், ஒரு வீடு கைநழுவினால் அடுத்ததைத் தேடவும் நாள் வேண்டும். செப்டம்பரில் குடியேற நினைத்தால் பிப்ரவரியில் வீடு பார்க்கத் தொடங்குங்கள். அதற்குள் முடியாது போலிருந்தால், எல்லைக்குள் வாடகைக்குப் போய் அங்கிருந்து நிதானமாக வாங்குவது மேல்.